குளிர் அறைக் கதவைச் சோதித்த கதை

சென்ற மாதம் இல்லத்துக்கு என்னை அழைத்திருந்தீர்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த நான்கு பேருக்கு என் பணிக்காலத்திலிருந்து ஏதாவது சொல்ல வேண்டும் என்றீர்கள். ஓசூர் நெரிசலை நம்பாமல் சீக்கிரம் கிளம்பியதால் இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அன்று காலையில்தான் ஒரு பிள்ளையைச் சேர்த்திருந்தீர்கள். பதினான்கு வயதிருக்கும். நீல சுடிதார், கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

முதலில் அலுவலகத்தில் இருந்தவர் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "என்னம்மா நடந்துச்சு, சொல்லு" என்றார். பிள்ளை பதினோரு நிமிடம் பேசினாள். பிறகு ஆலோசகர் தன் அறைக்கு அழைத்துப்போய் அதையே கேட்டார். நான்கு நிமிடம். பதினொன்றரை மணிக்கு, மகனின் பிறந்தநாளுக்காகக் கேக் கொண்டுவந்த ஒரு அம்மா அவள் கன்னத்தைத் தொட்டு, "உனக்கு என்னடா கண்ணு ஆச்சு?" என்றார். பிள்ளை சொன்னது ஒரே சொல்: "தெரியல."

பதினோரு நிமிடம், நான்கு நிமிடம், ஒரு சொல். எண்ணுவது என் பழைய தொழிலின் பழக்கம். நீங்கள் யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை. வந்த எரிச்சலில் உங்கள் கூட்டத்தில் நான் பேசியது நன்றாக இல்லை. மைக் சரியில்லை என்று பெருந்தன்மையாகச் சொல்லிக்கொண்டீர்கள். மைக் சரியாகத்தான் இருந்தது.

இப்போது இதற்கெல்லாம் பெயர் வந்துவிட்டது. 'மனக்காயம் அறிந்த சிகிச்சை' என்று எழுதிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறீர்கள். இரண்டு நாள் பயிற்சி, சான்றிதழ், மதியச் சாப்பாடு. நான் சேர்ந்தபோது பெயர் இல்லை. தவறு மட்டும் இருந்தது. இப்போது பெயரும் இருக்கிறது, தவறும் அப்படியே இருக்கிறது. அதனால் நான் செய்த தவறை எழுதிக் கொடுத்துவிடுகிறேன். படிப்பதும் படிக்காததும் உங்கள் பாடு.

நான் இந்த வேலைக்கு வந்தது பத்திரிகையிலிருந்து. ஒரு நாளிதழில் ஒன்பது ஆண்டுகள், செய்தியாளராகவும் பிறகு துணை ஆசிரியராகவும் இருந்தேன். அங்கே கற்றது இதுதான்: ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார். ஒருவரே இரண்டு விதமாகச் சொன்னால் மூன்றாவது முறை கேள். கதவைப் பற்றி எழுதுவதானால் கதவைப் போய்ப் பார். பஞ்சாயத்துத் தலைவர்களுக்கும் தொழிற்சாலை மேலாளர்களுக்கும் இது நன்றாகப் பொருந்தும். பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பொருந்தாது என்று யாரும் சொல்லவில்லை. நானாகவும் யோசிக்கவில்லை.

கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகி ஓரிரு ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். இல்லம் அப்போது கெலவரப்பள்ளி அணைக்குப் போகிற சாலையில், ஒரு லேத் பட்டறைக்கு அடுத்த வாடகைக் கட்டடத்தில் இருந்தது. பதினெட்டுப் பெண் பிள்ளைகள், பதின்மூன்றிலிருந்து பதினேழு வயதுவரை, தங்கி மனநல சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு வரிசையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் சண்டை நடக்கும். பக்கத்துக் கம்பெனியில் ஷிப்ட் சங்கு ஊதும்போது மட்டும் மூன்றும் சற்று நிற்கும். நான் இல்லப் பொறுப்பாளர். சமையல் ரத்னம்மா. வியாழக்கிழமைகளில் பெங்களூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மனநல டாக்டர் வருவார். அறுபது வயது, பருத்திப் புடவை, யாரையும் உட்காரச் சொல்லாத வாய். கன்னடம் கலந்த தமிழில் திட்டுவார். அவரிடம் நான் திட்டு வாங்காத வியாழக்கிழமைகள் குறைவு.

இல்லத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அதற்குக் 'கதை எடுப்பது' என்று பெயர். புதிதாக ஒரு பிள்ளை வந்தால், "கதை எடுத்தாச்சா?" என்றுதான் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். வார்டன் ஒரு முறை எடுப்பார், ஆலோசகர் ஒரு முறை, நான் ஒரு முறை. ஆலோசகர் வேலையை விட்டுப் போனால் அடுத்து வந்தவர் முதலிலிருந்து எடுப்பார். ரத்த மாதிரியைக்கூட ஒரு முறைதான் எடுக்கிறார்கள்.

அப்படிக் கதை எடுக்கப்பட்ட பிள்ளைகளில் ஒருத்தி நாகவேணி. பெயரை மாற்றியிருக்கிறேன். பதினைந்து வயது. சொந்த ஊர் சிங்காரப்பேட்டைப் பக்கம். அப்பா இல்லை. அம்மா பெங்களூரில் கட்டட வேலை. வேலை நடக்கும் இடத்திலேயே தகரக் கொட்டகையில் தூக்கம். பிள்ளையை வைத்துக்கொள்ள வழியில்லாமல் அப்பாவின் தம்பியிடம் விட்டிருந்தார். சித்தப்பா ஒரு ரோஜா கிரீன்ஹவுஸில் மேற்பார்வையாளர். பள்ளியை நிறுத்திவிட்டு அவளும் அங்கேயே முள் எடுத்து, பூவைக் கட்டுக் கட்டும் வேலையில் இருந்தாள்.

ஒருநாள் அவள் பூக்களை வைக்கும் குளிர் அறையில் மயங்கிக் கிடந்தாள். கூட வேலை செய்த பெண்கள் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கைவிரல்கள் மரத்துப் போயிருந்தன. "சித்தப்பா உள்ள வச்சுப் பூட்டிட்டாரு" என்று நர்ஸிடம் சொன்னாள். அதற்குப் பிறகு பேச்சு குறைந்தது, தூக்கம் நின்றது. இரண்டு வாரம் கழித்து எங்களிடம் வந்தாள். கூடவே ஒரு கடிதமும் வந்தது. இப்படிப்பட்ட பிள்ளைகளை யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவெடுக்கும் குழு கிருஷ்ணகிரியில் கூடும். சித்தப்பா பிள்ளையைத் திரும்பக் கேட்டிருந்தார். இல்லப் பொறுப்பாளர் விசாரித்து அறிக்கை அனுப்ப வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

விசாரித்து அறிக்கை. என்னை விட்டால் யாருக்கு அது வரும் என்று நினைத்தேன்.

மூன்று வாரத்தில் நாகவேணியிடம் நான்கு முறை கேட்டேன். முதல் முறை, பூட்டினார் என்றாள். இரண்டாம் முறை, எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு ஒரு மணி நேரம் என்றாள். நர்ஸிடம் காலையிலிருந்து என்று சொல்லியிருந்தாள். மூன்றாம் முறை, "கதவைப் பூட்டினாரா? நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். "பூட்டல" என்றாள். நான்காம் முறை, "அன்னைக்குப் பூட்டினாருன்னு சொன்னியே?" என்றேன். "ஆமா, பூட்டினாரு" என்றாள்.

அத்தோடு விட்டேனா? இல்லை. ஒரு சனிக்கிழமை அந்த கிரீன்ஹவுஸுக்கே போனேன். சித்தப்பா மரியாதையாக வரவேற்றார். தேய்த்த சட்டை, பையில் அடையாள அட்டை, பேச்சில் பணிவு. "பூட்டே கிடையாதுங்க மேடம், நீங்களே பாருங்க" என்றார். பார்த்தேன். உள்ளே போய் நானே கதவைச் சாத்திக்கொண்டேன். உள்பக்கம் ஒரு கைப்பிடி, அழுத்தினேன், திறந்தது. மறுபடி சாத்தினேன், மறுபடி திறந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு நிமிடம் உள்ளே நின்று குளிரையும் குறித்துக்கொண்டேன்.

அறிக்கை ஒன்றரைப் பக்கம். நடுவில் ஒரு அட்டவணை: எந்தத் தேதி, யாரிடம், என்ன சொன்னாள், முன்பு சொன்னதிலிருந்து என்ன வித்தியாசம். கடைசி வரிகள் இன்னும் எனக்கு மனப்பாடம். 'சிறுமியின் கூற்றுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. குளிர் அறையின் கதவு உள்ளிருந்து எளிதாகத் திறக்கக்கூடியது என்பது நேரில் சரிபார்க்கப்பட்டது.' ஒரு எழுத்துப்பிழை கிடையாது. பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

குழு ஒரு வெள்ளிக்கிழமை கூடுவதாக இருந்தது. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு ரத்னம்மா நாகவேணியை ஸ்டோர் ரூமுக்கு அனுப்பினார். "பருப்பு டப்பாவ எடுத்துக்கினு அங்கியே இரு, நான் வந்து அளந்து தரேன்" என்றாராம். அதற்குள் கேஸ் சிலிண்டர் வண்டி வந்துவிட்டது. ரத்னம்மா வாசலுக்குப் போனார். திரும்பி வந்து வேறு பருப்பைப் போட்டுச் சமைத்துவிட்டு மறந்துபோனார். மதியம் இரண்டு மணிக்குத் தலை எண்ணினோம். பதினேழு. மாடி, கிணற்றடி, லேத் பட்டறை என்று ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். இரண்டு பத்துக்கு ரத்னம்மாவுக்கு ஞாபகம் வந்தது.

ஸ்டோர் ரூமில் நாகவேணி நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கைகளாலும் பருப்பு டப்பாவை மார்போடு பிடித்திருந்தாள். பாவாடை நனைந்து, காலடியில் ஈரம். அந்த அறைக்கு அப்போது கதவே கிடையாது. நிலையில் ஒரு சாக்குத் திரை மட்டும் தொங்கும்.

ரத்னம்மா தலையில் அடித்துக்கொண்டார். "ஏன்டி பொண்ணு, இங்க இன்னா கதவா இருக்குது? வெளிய வர வேண்டியதுதானே? மூணு மணி நேரமா நின்னுக்கினே இருக்குதே இது!"

"நீங்க இருன்னு சொன்னீங்க" என்றாள் நாகவேணி.

குற்றம் சொல்கிற குரல் இல்லை. தகவல் சொல்கிற குரல்.

டப்பாவை வாங்கி வைத்துவிட்டு, "வாம்மா, குளிச்சிட்டுச் சாப்பிடலாம்" என்றேன். உடனே வந்தாள். அறிக்கை போய் ஆறு நாள் ஆகியிருந்தது.

வியாழக்கிழமை டாக்டரிடம் அறிக்கையின் நகலைக் கொடுத்து, ஸ்டோர் ரூமில் பார்த்ததையும் சொன்னேன். அவர் படித்தார். அட்டவணையை இன்னொரு முறை படித்தார்.

"ஏனம்மா பேப்பர்காரம்மா, ஸ்டோர் ரூமை நீங்க பூட்டினீங்களா?"

"அங்க கதவே இல்ல டாக்டர்."

"அப்ப அவ உள்ள மாட்டிக்கிட்டாளா, இல்லையா?"

"மாட்டிக்கிட்டா."

"பூட்டினாரான்னு கேட்டா என்ன சொல்லுவா? ஆமான்னும் சொல்லுவா, இல்லைன்னும் சொல்லுவா. ரெண்டும் நிஜம். நாலு தடவை கேட்டீங்க, நாலு தடவையும் நிஜத்தையே சொல்லிருக்கா. நீங்க அதுக்குக் கட்டம் போட்டு, கோடு போட்டு, முரண்பாடுன்னு எழுதிருக்கீங்க. அந்த ஆளு சொன்னதும் பொய்யில்ல. 'நான் சொல்ற வரைக்கும் இங்கியே நில்லு'ன்னு சொல்லிருப்பான். அவனுக்குப் பூட்டு எதுக்கு?" காகிதத்தை மேசையில் போட்டார். "நீங்க போய் அந்தக் கதவைத் திறந்து பாத்தீங்களே, உங்களை யாராவது உள்ள நில்லுன்னு சொன்னாங்களா?"

மேசையில் கிடந்த காகிதத்தை எடுத்து மடித்தேன்.

"சாகு" என்றார். கன்னடத்தில் போதும் என்று அர்த்தம். "இனிமே அவகிட்ட யாரும் கேக்காதீங்க. உங்களுக்குக் கண்ணு நல்லா இருக்கு. பாருங்க. பாத்ததை எழுதுங்க."

அன்று மாலையே ஸ்டோர் ரூமில் பார்த்ததை ஒரு பக்கத்தில் எழுதினேன். மறுநாள் காலை அதைக் கையில் எடுத்துக்கொண்டு நாகவேணியோடு கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறினேன்.

குழுவில் மூன்று பேர். தலைவர் ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியை. எதையும் முழுக்கப் படிக்கிறவர். என் அறிக்கையை வரிக்கு வரி படித்திருந்தார். "ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க" என்று பாராட்டினார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மோசமான பாராட்டு அது.

சித்தப்பா எழுந்து நின்றார். ரேஷன் கார்டில் பெயர் இருப்பதைக் காட்டினார். புதுத் துணி வாங்கி வந்திருந்தார். "கோவத்துல ரெண்டு வார்த்தை சொல்லிருப்பேன் மேடம். அண்ணன் பொண்ணுங்க. வேற யாரு இருக்காங்க அதுக்கு?" கண் கலங்கியது. நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். பிறகு நாகவேணியைப் பார்த்து, சாதாரணமாக, "வாம்மா, போலாம்" என்றார்.

அவள் எழுந்துபோய் அவர் பக்கத்தில் நின்றாள்.

"பாத்தீங்களா மேடம், அதுவே வருது."

தலைவர் கேட்டார்: "சித்தப்பாகூடப் போறியாம்மா?"

"போறேன்."

தலைவர் பேனா மூடியைக் கழற்றிவிட்டார். என் கையில் இருந்த பக்கத்தைக் கொடுத்து, படிக்கச் சொல்லி, விளக்கி, அதற்கு அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு கணக்கு மனதில் ஓடியது. நான் எழுந்து, "மேடம், நானும் ரெண்டு கேள்வி கேக்கலாமா?" என்றேன். தலையாட்டினார்.

"நாகவேணி, நம்ம இல்லத்துக்கே திரும்பிப் போலாமா?"

"போலாம்." என் பக்கம் நடந்து வந்தாள்.

"பெங்களூருக்கு அம்மாகிட்டப் போறியா?"

"போறேன்."

"இந்த மேடம் வீட்டுக்கு, அவங்ககூடப் போறியா?"

நாகவேணி தலைவரைப் பார்த்தாள். முன்பின் தெரியாத அந்த அம்மாளிடமும் அதே குரலில், "போறேன்" என்றாள்.

தலைவர் பேனாவை மூடினார். அதற்குப் பிறகுதான் நான் எழுதிய பக்கத்தைக் கேட்டு வாங்கினார். முதல் அறிக்கையில் என் முடிவு தவறு, பிள்ளை முரண்பாடாகப் பேசவில்லை என்று வாயாலும் சொன்னேன், எழுத்தாலும் கொடுத்தேன். மூன்று மாதம் இல்லத்தில் இருக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்கள்.

அடுத்த வியாழக்கிழமை டாக்டரிடம் இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் மேசையைத் தட்டினார்.

"நாலு பேர் முன்னால நிக்க வச்சு வித்தை காட்டிட்டு வந்திருக்கீங்க. வா, போ, வா, போ. அவ இங்கியும் அங்கியும் நடந்திருக்கா. பக்கத்துல போய் உக்காந்து பேப்பரைக் கொடுத்திருக்க முடியாதா?"

"நேரம் இல்ல டாக்டர். பேனாவை எடுத்துட்டாங்க."

"நேரம் இல்லைன்னு சொல்லித்தான் எல்லாரும் இந்தப் பிள்ளைங்களுக்கு எல்லாத்தையும் பண்றாங்க."

அன்று எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. பிள்ளையைக் காப்பாற்றிவிட்டு வந்தவளை இப்படியா பேசுவது? இன்றைக்கும் அந்த அறைக்குத் திரும்பிப் போனால் அதையேதான் செய்வேனோ என்று தோன்றுகிறது. ஆனால் அவர் சொன்னதும் சரி. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இத்தனை காலம் இந்த வேலையைச் செய்தேன்.

அடுத்த மூன்று மாதம் எப்படிப் போனது என்று கேட்டால், எரிச்சலாகப் போனது. டாக்டர் போட்ட சட்டம்: நாகவேணிக்கு யாரும் உத்தரவு போடக்கூடாது. எதையும் இரண்டாக வைத்துக் கேட்க வேண்டும். இட்லியா, உப்புமாவா? ஜன்னல் பக்கமா, சுவர்ப் பக்கமா? அவள் நாற்பது நாள் ஒரே பதில் சொன்னாள்: "எதுனாலும்." ஒரு சாதாரணக் காலையில் இப்படி இருபது முறை கேட்டுப் பாருங்கள், தெரியும். மாலை ஐந்து மணிக்குக் குழாயடியில் நின்றுகொண்டு, "சிவப்பு வாளியாம்மா, பச்சை வாளியாம்மா?" என்று நான் கெஞ்சியதைப் பார்த்து மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒருத்தி கன்னடத்தில் என்னைப்போலவே பேசிக் காட்டுவாள், நன்றாகவே.

நாற்பத்தோராம் நாளோ என்னவோ, ரத்னம்மா கரண்டியோடு என் அறைக்குள் வந்தார்.

"மேடம், என் உப்புமாவ வேணாம்னுட்டா!"

"யாரு?"

"உங்க நாகவேணிதான். மூஞ்சிய ஒரு மாதிரி வச்சுக்கினு, வேணாங்கிறா. இத்தினி வருசமா யாரும் என்னை அப்பிடிச் சொன்னதில்ல."

வியாழக்கிழமை இதைக் கேட்ட டாக்டர், நான் பார்த்து முதல் முறையாகச் சிரித்தார். "நல்ல உப்புமா போட்டிருந்தா இன்னும் ஒரு மாசம் ஆகியிருக்கும். தேங்க்ஸ் ரத்னம்மா" என்றார். ரத்னம்மா இரண்டு நாள் அவருக்குக் காபி கொடுக்கவில்லை. அதாவது இரண்டு வியாழக்கிழமை.

அதற்குப் பிறகு வேணாம் நிற்கவில்லை. குளிக்க வேணாம். தலைபின்ன வேணாம். ஓவிய வகுப்பு வேணாம். ஒரு வாரம் மாத்திரையும் வேணாம். அதற்கு மட்டும் டாக்டரே தனியாக பஸ் பிடித்து வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசினார். வார்டன் ராஜினாமா செய்வதாகச் சொன்னார். "முன்னாடி எவ்வளவு நல்ல பொண்ணா இருந்தா" என்றார். நல்ல பொண்ணு என்ற சொல்லை அதற்குப் பிறகு எந்தப் பிள்ளைக்கும் நான் பயன்படுத்தியதில்லை.

மூன்று மாதம் முடிந்தது. குழு கூடும் நாள் காலையில் ஆட்டோ வாசலில் நின்றது. பஸ்ஸுக்கு இருபது நிமிடம் இருந்தது. நாகவேணி தலைசீவி, செருப்புப் போடாமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் வரல."

"என்ன வரல?"

"கிருஷ்ணகிரிக்கு வரல. நீங்க போயிட்டு வாங்க."

"உனக்காகத்தான் போறோம். நீ இல்லாம எப்படி?"

"வரல."

"தப்பா எடுத்துக்குவாங்கம்மா."

"எடுத்துக்கட்டும்."

எனக்கு மண்டை சூடாகிவிட்டது. "உன் சித்தப்பா வந்து உக்காந்திருப்பாரு. நீ வரலைன்னா அவர்கிட்டயே அனுப்பிருவாங்க, தெரியுதா?" என்றேன். ஆம், இத்தனைக்கும் பிறகு அதைச் சொன்னேன். மிரட்டினேன். எழுதாமல் விட்டிருக்கலாம், விட்டால் நீங்கள் என்னை வேறு மாதிரி நினைத்துக்கொள்வீர்கள்.

நிலையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். விரல் நுனிகள் வெளுத்திருந்தன. "வரல" என்றாள்.

அந்த இடத்தில் எனக்கு ஒன்று நன்றாகத் தெரியும். குரலை மாற்றி, "ஏறு வண்டியில" என்று உத்தரவுபோலச் சொன்னால் ஏறிவிடுவாள். அந்த விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது, இன்னும் ஒரு தள்ளு போதும். அவள் குழுவின் முன் வந்து நின்றால் வழக்கு எளிது. பேசுகிறாள், தூங்குகிறாள், தேறியிருக்கிறாள் என்று காட்டலாம். அவள் வராவிட்டால், இல்லம் பிள்ளையை மறைக்கிறது என்று சித்தப்பா சொல்வார். அவர்கள் நம்பினால் பிள்ளை போய்விடுவாள். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். டாக்டரிடம் கேட்க முடியாது, வியாழக்கிழமை இல்லை.

"சரி" என்றேன். "நான் போயிட்டு வரேன்."

சூளகிரி தாண்டும்வரை செய்தது சரி என்று நினைத்தேன். குருபரப்பள்ளியில் பஸ் நின்றபோது இறங்கி எதிர்ப் பஸ் ஏறி அவளைக் கூட்டிவரலாமா என்று எழுந்தேவிட்டேன். கண்டக்டர், "இறங்கறீங்களா, உக்கார்றீங்களா மேடம்?" என்றார். உட்கார்ந்தேன்.

குழுவில் எல்லாரும் இருந்தார்கள். தலைவர் கதவைப் பார்த்தார், பிறகு என்னை.

"பொண்ணு எங்க?"

"வரல மேடம்."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கா. வரமாட்டேன்னு சொல்லிட்டா."

"நீங்க எடுத்துச் சொல்லலையா?"

"சொன்னேன். கொஞ்சம் மிரட்டியும் பாத்தேன். வரலைன்னுட்டா."

சித்தப்பா எழுந்துவிட்டார். முகத்தில் முன்பு இருந்த பணிவு இல்லை. "பாருங்க மேடம், என்ன பழக்கம் பழக்கி வச்சிருக்காங்கன்னு. இவ்ளோ பெரியவங்க கூப்பிட்டு வரலைன்னு சொல்லுமா ஒரு பொண்ணு? எங்கிட்ட இருந்தப்போ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினது கிடையாது. நில்லுன்னா நிக்கும். நாள் பூரா நிக்கும்."

தலைவர் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். மற்ற இரண்டு பேரும் பார்த்தார்கள். தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு மட்டும் புரியவில்லை.

"எனக்கு வேற எதுவும் தெரியாதுங்க மேடம்" என்றார். "எங்கூட வர்றதும் வராததும் அது வாயால சொல்லட்டும்."

"சொல்லியாச்சே" என்றார் தலைவர். "இங்க வர்றதுக்கே மாட்டேன்னு சொல்லியிருக்கா."

தாளைத் தன் பக்கம் இழுத்து எழுதத் தொடங்கினார்.